ஜிட் நினைவகத்துக்கு ஒரு வரம்பு

லினக்ஸ் கெர்னலுக்குள் ஓடும் பிபிஎஃப் நிரல்களுக்கு ஜிட் நினைவக வரம்பு 2018இல்தான் வந்தது. நிரல்களோ வெகு பழையவை. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் இருவரும் 1992இல் அவற்றை விவரித்தார்கள். நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டுகளில் வேண்டியதை மட்டும் கெர்னலிலேயே சலித்தெடுப்பதுதான் நோக்கம்.

தொடக்கத்தில் லினக்ஸ் இந்த நிரல்களை ஒவ்வொரு கட்டளையாகப் படித்துத்தான் இயக்கியது. 2011இல் எரிக் டுமாசே ஜிட் கம்பைலரைச் சேர்த்தார். நிரலை ஏற்றும்போதே அது பிராசஸரின் சொந்தக் கட்டளைகளாக மாற்றிவிடும்.

வேகம் கிடைத்தது, இடம்தான் சிக்கலானது. மாற்றிய கட்டளைகள் கெர்னல் மாட்யூல்களுக்கான பகுதியிலேயே தங்கின. 64 பிட் இன்டெல் வகைக் கணினியில், ரேம் எவ்வளவு இருந்தாலும், அந்தப் பகுதி பெரும்பாலும் 1 ஜிபி அளவுதான். நாலைந்து கட்டளை கொண்ட நிரலும் 4 கேபி பக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பயனர் ஒருவரே அந்தப் பகுதியை நிரப்பிவிட்டால், டிரைவர் மாட்யூலைக்கூட ஏற்ற முடியாத நிலை இருந்தது.

இன்டெலின் ரிக் எட்ஜ்கோம்ப் இதைச் சுட்டிக்காட்டினார். 2018 அக்டோபரில் டேனியல் போர்க்மன் வரம்பைக் கொண்டுவந்தார்: மாட்யூல் பகுதியில் கால்பங்கு. அதைத் தாண்டினால் சாதாரணப் பயனரின் நிரல், ஒவ்வொரு கட்டளையாகப் படிக்கும் பழைய இன்டர்ப்ரெட்டருக்குத் திரும்பும். ஆனால் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் தாக்குதலுக்கு அஞ்சி இன்டர்ப்ரெட்டரை நீக்கிய கெர்னல்களில் அந்த வழியும் இல்லை. நிரல் ஏறவே ஏறாது.

வரம்பு அவசியமானது, கால்பங்குதான் போதவில்லை. 2022இல் சாங் லியு பல நிரல்களை ஒரே பெரிய துண்டில் நெருக்கி அடுக்கும் முறையைச் சேர்த்தார். 2023 தொடக்கத்தில் அமேசானின் குபர்னெட்டிஸ் சேவையில் கன்டெய்னர்கள் தொடங்காமல் நின்றன. திரையில் வந்தது பிழை எண் 524. கன்டெய்னர்களைக் காக்கும் செக்காம்ப் வடிகட்டிகளும் பிபிஎஃப் நிரல்களாக ஜிட் வழியாகவே போகின்றன, அதே பங்கில் இடம் கேட்கின்றன. அந்த மார்ச்சில் போர்க்மன் வரம்பை அரைப்பங்காக்கினார்.

கன்டெய்னர் சர்வரைப் பராமரிப்பவர்கள் இந்த வரம்பின் மதிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் 26,42,41,152 பைட் என்றிருந்தால் அது பழைய கால்பங்கு. 52,84,82,304 என்றால் புதிய அரைப்பங்கு.