மிஸ்ஸம்மாவா, மிஸ்ஸியம்மாவா? – எங்க ஊர் சினிமாப் பேச்சின் கதை

சொந்த ஊர் சித்தூர் என்று சொன்னால் இங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள், "அட, ஆந்திராவா? தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்பார்கள். தெலுங்கு நண்பர்களோ, "உங்க தெலுங்குல தமிழ் வாசனை அடிக்குதே" என்பார்கள். ரெண்டு பக்கமும் முழு மார்க் கிடைக்காத ஜாதி நாங்கள் :-) ஆனால் ஒரு விஷயத்தில் எங்களை அடிச்சிக்க ஆளில்லை. பார்த்துட்டு வந்த படத்தைப் பத்திப் பேசுவது. அதுவும் சும்மா "சூப்பர்", "மொக்கை" என்று முடிக்கிற பேச்சு இல்லை. ரெண்டு மொழியிலும் பார்த்து, ஒண்ணோடு ஒண்ணை உரசிப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு. இந்தப் பழக்கம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதலில் கொஞ்சம் சரித்திரம். பழைய வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்து சித்தூர் ஜில்லா உண்டானது. திருப்பதியும் அதற்குள்தான். அப்போது எல்லாமே சென்னை மாகாணம் என்பதால், வீட்டில் என்ன பேசுகிறோம் என்பது வீட்டு விவகாரம். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஜில்லா ஆந்திராவோடு போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது, பிறகு படாஸ்கர் குழு வந்தது, கடைசியில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. (2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம்.)

இந்தக் கோடெல்லாம் வரைபடத்தில் போட்டது. சினிமாவுக்கு அப்படி ஒரு கோடு ரொம்ப நாள் கிடையாது.

தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கியது. அதில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார். இன்றைக்குச் சொன்னால் இங்கே பிறந்த பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எங்க ஊர்க்காரனுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பாதி வீடுகளில் பேச்சே அப்படித்தான் நடக்கும். மாமியார் தெலுங்கில் கேட்பார், மருமகள் தமிழில் பதில் சொல்வாள். சண்டை மட்டும் ரெண்டு பேருக்கும் தெளிவாகப் புரியும் :-)

ஊர்ப் பேரையே தன் பேரோடு சுமந்த நடிகர் ஒருவர் இருந்தார். சித்தூர் வி. நாகையா. பிறந்தது குண்டூர் ஜில்லா ரேபல்லேவில். ஆனால் நாடக மேடையில் பேர் எடுத்தது சித்தூரில் என்பதால் ஊர் பேரோடு ஒட்டிக்கொண்டது. 1945-ல் வந்த 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ஜோடியாக ராணாவாக வந்தது இவர்தான். அடுத்த வருஷம் 1946-ல் 'தியாகய்யா'வைத் தெலுங்கில் தானே இயக்கி நடித்தார். தியாகராஜர் வாழ்ந்தது திருவையாறு, பாடியது தெலுங்கு. அவரை யார் சொந்தம் கொண்டாடுவது? இதைவிடப் பொருத்தமான படம் எங்க ஊர்ப் பேர் வைத்த நடிகருக்கு அமைந்திருக்க முடியாது. நாகையாவின் சிலை சென்னையில் தி.நகர் பனகல் பூங்காவில் இருக்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போய் ஜவுளிக்கடை கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

சரி, இப்போ முக்கியமான கட்டத்துக்கு வர்றேன்.

ஐம்பதுகளில் சென்னை ஸ்டுடியோக்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே செட்டைப் போட்டு, ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியாக எடுப்பார்கள். டப்பிங் இல்லை, ரெண்டுமே நேரடிப் படம். 1951-ன் 'பாதாள பைரவி' அப்படி வந்தது. 'தேவதாஸ்' தெலுங்கில் 1953 ஜூனிலும் தமிழில் செப்டம்பரிலும் வந்தது. தமிழ்த் தேவதாஸ் வந்து மூணு வாரத்துக்குள் ஆந்திர மாநிலம் பிறந்துவிட்டது. அதாவது, அரசாங்கம் "நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்" என்று பிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் ரெண்டு மொழியிலும் அழுதுகொண்டிருந்தார்கள்.

மதுரையில் இருந்தவர் தமிழ்ப் படத்தைப் பார்த்தார். விஜயவாடாவில் இருந்தவர் தெலுங்குப் படத்தைப் பார்த்தார். சித்தூர்க்காரன் ரெண்டையும் பார்த்தான். உள்ளூரில் தெலுங்கு, முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் வேலூரில் தமிழ். பார்த்தபின் அவன் சும்மா இருக்க முடியுமா?

எங்கள் வீட்டில் ரெண்டு தலைமுறையாக நடந்த வழக்கு 'மிஸ்ஸம்மா'. விஜயா நிறுவனத்தார் 1955 ஜனவரியில் ரெண்டு நாள் இடைவெளியில் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா' என்று வெளியிட்டார்கள். வேலை கிடைப்பதற்காகக் கல்யாணம் ஆகாத ரெண்டு பேர் புருஷன் பெண்டாட்டி என்று நடிக்கும் கதை. சாவித்திரி ரெண்டிலும் உண்டு, ரங்கா ராவ் ரெண்டிலும் உண்டு. கதாநாயகன் அங்கே என்.டி.ஆர்., இங்கே ஜெமினி. ஆனால் சண்டை அவர்களைப் பற்றி இல்லை. அதில் ஒரு அரைகுறை துப்பறியும் ஆசாமி வருவான் பாருங்க, அவனைப் பற்றி. தெலுங்கில் அந்த வேஷத்தைக் கட்டியது நாகேஸ்வர ராவ். தமிழில் கே.ஏ. தங்கவேலு.

தாத்தா கட்சி: "தங்கவேலு வந்தாலே சிரிப்பு வந்துடும், அதுல என்ன கஷ்டம்? தேவதாஸா அழ வெச்ச மனுஷன் கோமாளித்தனம் பண்றான் பாரு, அது பெரிசு."

அத்தை கட்சி: "அழ வைக்கிறவன் ஒரு நாள் சிரிக்க வெச்சா அது ஆச்சரியம். தினமும் சிரிக்க வைக்கிறவன் அலுக்காம சிரிக்க வைக்கிறதுதான் வித்தை."

யோசித்துப் பாருங்கள். ஒரு காட்சி ஏன் எடுபடுகிறது? அது நடிகனின் திறமையா, அவன் மேல் நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணமா? பெரிய பெரிய விமர்சகர்கள் கேட்கும் கேள்வி இது. என் தாத்தாவும் அத்தையும் அதைக் கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே பேசினார்கள். அவர்கள் ஒன்றும் மேதைகள் இல்லை. ஒரே கதையை ரெண்டு விதமாகப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்பது "ஏன் பிடிச்சிருக்கு" என்று மாறுகிறது.

1957-ல் 'மாயாபஜார்' ரெண்டு மொழியிலும் வந்தபோதும் இதே கதை. கிருஷ்ணராக என்.டி.ஆர்., கடோத்கஜனாக ரங்கா ராவ் ரெண்டிலும் ஒன்றுதான். அபிமன்யு மட்டும் அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி. மாப்பிள்ளைக் கோமாளி அங்கே ரேலங்கி, இங்கே மறுபடியும் தங்கவேலு. அத்தை விடுவாரா!

அடுத்து வந்தது ரீமேக் காலம். 1964-ல் என்.டி.ஆர். இரட்டை வேஷத்தில் 'ராமுடு பீமுடு'. மறு வருஷப் பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். நடித்து 'எங்க வீட்டுப் பிள்ளை'. 1967-ல் இந்தியில் திலீப் குமார் நடித்த 'ராம் அவுர் ஷ்யாம்'. மூன்றையும் இயக்கியவர் தாபி சாணக்யா. ஆள், கதை, திருப்பம் எல்லாம் ஒன்று. ஆனால் எம்.ஜி.ஆர். கையில் சவுக்கு வந்ததும் அது வீட்டுச் சண்டையாக நிற்கவில்லை, மேடைப் பேச்சாகிவிட்டது. அவர் அப்போதே தி.மு.க.காரர், கைதட்டிய கூட்டம் வில்லனுக்காக மட்டும் கைதட்டவில்லை. என்.டி.ஆர். கட்சி ஆரம்பிக்க அதற்குப் பிறகு 18 வருஷம் ஆனது. ரெண்டையும் பார்த்தவனுக்குத்தான் இது கதையில் இருந்ததா, நடிகன் கொண்டு வந்ததா என்பது தெரியும்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம். 1983 தேர்தலில் என்.டி.ஆர். ஜெயித்த தொகுதிகளில் ஒன்று திருப்பதி. அது சும்மா வந்த தொகுதி இல்லை. 1960-ல் 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்' படத்தில் அவரே பெருமாள். திருமலையில் மொட்டை போட்டு தரிசனம் முடித்த தெலுங்கு பக்தர்கள், பஸ் பஸ்ஸாகச் சென்னைக்குப் போய் தி.நகர் பஸுல்லா சாலையில் அவரையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். 1983-ல் ராமனும் பீமனும் பக்கத்துப் பக்கத்து மாநில முதல்வர்கள். சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் தரும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் அந்த வருஷம் இந்த ரெண்டு பேருக்கும் நடுவில்தான் முடிந்தது. பிறகு 2008-ல் சிரஞ்சீவி பிரஜா ராஜ்யம் கட்சியைத் தொடங்கியதும் திருப்பதியில், 2009-ல் அவர் ஜெயித்ததும் திருப்பதியில்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் தீனி போட்டவை பத்திரிகைகள். 1966-ல் 'பொம்மை' தமிழில் வந்தது, அதே நிறுவனத்திலிருந்து தெலுங்கில் 'விஜயசித்ரா'. நடத்தியது 'மிஸ்ஸம்மா' எடுத்த அதே நாகிரெட்டி குடும்பம். (நாகிரெட்டி 1980 முதல் 1983 வரை திருமலை திருப்பதி தேவஸ்தானத் தலைவராகவும் இருந்தார் என்பது கொசுறு.) எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இது, எதிர் வீட்டில் அது. மத்தியானத்தில் கைமாறும். அட்டைப்படத்துக்காக வாங்கியவர்கள், விஷயத்துக்காக எழுத்துக் கூட்டி இன்னொரு மொழியைப் படிக்கப் பழகினார்கள். தெலுங்குப் பள்ளியில் படித்த என் அப்பா தமிழ் எழுத்துகளைக் கற்றது பாடப் புத்தகத்தில் இல்லை, பொம்மையில்.

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். 1960-க்குப் பிறகு எங்க பக்கத்துத் தமிழ் வீடுகளில் தமிழுக்கு வேலை குறைந்துகொண்டே போனது. பள்ளியில், ஆபீஸில், பஸ் போர்டில் எல்லாம் தெலுங்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அந்த மாநிலத்தின் மொழி. ஆனாலும் தமிழ் பிழைத்தது. படம் பார்த்ததால் மட்டும் பிழைக்கவில்லை. பார்ப்பதற்குக் காது போதும். பார்த்த படத்துக்காகச் சண்டை போட வாய் வேண்டும், வார்த்தை வேண்டும், "இல்ல, நீ சொல்றது தப்பு, ஏன்னா..." என்று ஆரம்பிக்கத் தெரிய வேண்டும். சாப்பாடு போடு, தண்ணி கொடு என்பதோடு நின்றுபோகிற மொழியை "ஏன்னா" என்கிற சொல்தான் மேலே தூக்கிப் பிடிக்கிறது.

இது எதிர்ப்பக்கமும் உண்மை. 1978-ல் பாலசந்தர் தெலுங்கில் எடுத்த 'மரோ சரித்ரா', டப்பிங் இல்லாமலே சென்னை சஃபையர் தியேட்டரில் 596 நாள் ஓடியது. தமிழ்ப் பையன் கமல், தெலுங்குப் பெண் சரிதா, சண்டை போடும் ரெண்டு வீடுகள். தெலுங்கு தெரியாத சென்னைக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், பேசினார்கள். புரியாத இடத்தைப் பக்கத்து சீட்காரர் சொல்லியிருப்பார். அந்தப் பக்கத்து சீட்காரரில் ஒருவராவது எங்க ஊர்க்காரராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இப்போது? 2015-ல் 'பாகுபலி' மறுபடியும் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. பாதாள பைரவி காலத்து வழக்கம், காசு மட்டும் பல மடங்கு. இன்றைக்கு எந்தப் படமும் நாலைந்து மொழியில் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் "ஹவ் வாஸ் இட்?" என்று நாமே ஆங்கிலத்தில் கேட்கிறோம். அவர்கள் "குட்" என்கிறார்கள். பேச்சு முடிந்தது. மூணு மணி நேரம் தமிழ் கேட்ட குழந்தை, அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசவில்லை. சித்தூரில் மொழி இல்லாத பள்ளிக்கூடம் கூட மொழியை அழிக்கவில்லை, இந்த ஒற்றைச் சொல் பதில் அழித்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே கதையின் ரெண்டு படம். 2003-ல் மகேஷ் பாபுவின் 'ஒக்கடு', 2004-ல் விஜய்யின் 'கில்லி' – இதில் ஆரம்பித்தோம். அங்கே கர்னூல், இங்கே மதுரை. அங்கே சார்மினார், இங்கே கலங்கரை விளக்கம். பிரகாஷ் ராஜ் மட்டும் ரெண்டிலும் பெண் கேட்டு அலைகிறார். விதி ஒன்றே ஒன்றுதான்: எது நல்லா இருக்கு என்று தமிழில் சொல்ல வேண்டும், "ஏன்னா" கட்டாயம். என் மகள் முதல் மாதம் ரெண்டு வாக்கியம் சொன்னாள். மூன்றாம் மாதம் அம்மாவோடு கால் மணி நேரம் வாதாடினாள். பாதி ஆங்கிலம் கலந்துதான், இருந்துவிட்டுப் போகட்டும். எங்க தாத்தா பேச்சில் பாதி தெலுங்கு கலந்திருந்தது.

வர்ற மாசம் 'மிஸ்ஸம்மா'வும் 'மிஸ்ஸியம்மா'வும். கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிப்பார்கள், தெரியும். உங்க வீட்டிலும் போட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டி ஊரில் இருந்தால் போனில் கூப்பிட்டு, "தங்கவேலுவா, நாகேஸ்வர ராவா?" என்று பேரப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். போனை வைக்க அரை மணி நேரம் ஆகும், சொல்லிட்டேன்.

கொசுறு: நான் அத்தை கட்சி.