மட்டக்குதிரையின் பலமும் ஒரு விளம்பர வாசகமும்

ஜட்கா வண்டியில் ஏறிப் பழகிய நம் தலைமுறைக்கு மட்டக்குதிரை என்றால் விளக்கம் தேவையில்லை. இங்கே நான் எழுதப்போவது அதைவிடக் குள்ளமான ஒரு ஜாதியைப் பற்றி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, காற்றும் குளிரும் வாட்டும் ஷெட்லாந்து தீவுகளில் பிறந்தது. தோள்மட்டத்தில் 42 அங்குலத்தைத் தாண்டினால் இனப்பதிவேட்டில் இடமில்லை. எடை சுமார் 200 கிலோ.

இந்தக் குதிரையைப் பற்றி எதைப் படித்தாலும், குட்டி விற்பவர்கள் சொல்வதைக் கேட்டாலும், ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடும். உருவத்தை வைத்துக் கணக்கிட்டால் உலகிலேயே பலசாலிக் குதிரை இதுதானாம். தன் எடையைப் போல் இரண்டு மடங்கு இழுக்குமாம். பெரிய பாரவண்டிக் குதிரையோ தன் எடையில் பாதியைத்தான் இழுக்குமாம்.

எங்கே இழுக்கும்? சேற்றிலா, தார்ச்சாலையிலா, தண்டவாளத்திலா? அதை யாரும் சொல்வதில்லை.

தீவில் இருந்தவரை இந்தக் குதிரைக்கு இப்படி ஒரு விளம்பரம் தேவைப்படவில்லை. அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளை முதுகின் இருபுறமும் கூடையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவதே அதன் முக்கிய வேலை. காலத்தை மாற்றியது நிலக்கரி. 1842ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம், பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. அதுவரை குனிந்தும் தவழ்ந்தும் கரித்தொட்டிகளை இழுத்தவர்களில் அவர்களும் உண்டு. தாழ்வான சுரங்கப் பாதைகளில் அந்த இடத்தை நிரப்ப உயரம் குறைந்த ஒரு மிருகம் வேண்டியிருந்தது.

டர்ஹாம் பகுதியில் சுரங்கங்கள் வைத்திருந்த லண்டன்டெரி பிரபு, 1870களில் ஷெட்லாந்தின் பிரெஸ்ஸே, நாஸ் தீவுகளில் குதிரைப் பண்ணையே நடத்தினார். உயரம் குறைய வேண்டும், உடம்பு கனக்க வேண்டும். அதுதான் அங்கே இலக்கு. 1890ல் இந்த இனத்துக்கென்று பதிவேட்டுச் சங்கம் பிறந்தபோது, அந்தப் பண்ணையின் பொலிகுதிரைகளுக்குத் தனி மவுசு இருந்தது.

சுரங்கத்தில் தொட்டிகள் ஓடியது தண்டவாளத்தில். ஒரு டன் கனமுள்ள தொட்டியைச் சமதளத் தண்டவாளத்தில் உருட்ட, பாதை கொஞ்சம் மோசமாக இருந்தாலும், 10 முதல் 20 கிலோ இழுவிசை போதும். திடகாத்திரமான ஆளே தள்ளிவிடலாம். அதே ஒரு டன்னைச் சக்கரமில்லாமல் மண்ணில் இழுத்துப் பாருங்கள். பல நூறு கிலோ விசை கேட்கும். ஆகவே சக்கரத்தில் ஓடும் சுமை என்றால் 'இரண்டு மடங்கு' ஒன்றும் பெரிய காரியமல்ல. மண்ணில் இழுப்பது என்றால் நம்புவதற்கில்லை.

பெரிய குதிரை பாதிதான் இழுக்கும் என்பது இன்னும் வேடிக்கை. 1924ல் வெம்பிளி கண்காட்சியில் ஒரு ஜோடி ஷயர் குதிரைகளின் இழுவையைக் கருவி வைத்து அளந்தார்கள். முள் கருவியின் எல்லையையே தாண்டிவிட, 50 டன் சுமையை நகர்த்தத் தொடங்கும் விசை என்று மதிப்பிட்டார்கள். இரண்டும் சேர்ந்து எடை சுமார் 2 டன்தான். இது சில நொடி இழுவை, அதுவும் சக்கரச் சுமைக் கணக்கு. ஷயர்காரர்களும் விளம்பரத்தில் சளைத்தவர்கள் அல்ல! (ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை விற்கக் 'குதிரைத்திறன்' கணக்குப் போட்ட கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

'உருவத்தை வைத்துப் பார்த்தால்' என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உயரம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். தசை, எலும்பின் குறுக்களவோ நான்கு மடங்குதான். எனவே எடையோடு ஒப்பிட்டால் சிறியதே எப்போதும் ஜெயிக்கும். சின்ன நாய் தன்னையொத்த இரண்டு மூன்று நாய்களைச் சுமக்கலாம், குதிரையால் இன்னொரு குதிரையைச் சுமக்க முடியாது என்று கலிலியோ 1638லேயே எழுதிவிட்டார். எறும்புக்கு இருக்கும் பெருமைதான் இது. ஷெட்லாந்து ரத்தத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை.

இந்தப் பலசாலிப் பட்டத்தால் குதிரைக்கு என்ன கிடைத்தது? 1913 வாக்கில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் பெரிதும் சிறிதுமாக 70,000 குதிரைகள் இருந்தன. நான்கு வயதுக்குட்பட்டதை உள்ளே இறக்கக் கூடாது, கண் தெரியாத குதிரையை வேலை வாங்கக் கூடாது என்று 1911 சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. அப்படியென்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இன்று அதற்குச் சுரங்க வேலை இல்லை. பெரும்பாலும் குழந்தைகள் சவாரிதான். ஆனால் அந்த வாசகத்தை நம்பி, நன்றாக வளர்ந்த ஆட்களும் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. குதிரை வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு, முதுகில் ஏறும் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது. 200 கிலோ குதிரைக்கு அது 40 கிலோ. சேணத்தின் எடையைக் கழித்தால் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளை ஏறலாம்.