கூரைமேல் ஒருவர்

1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. காஞ்சிபுரம் அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பேருந்துக்கு அது எளிய தொலைவு. தொலைக்காட்சி அலைக்கோ எல்லையோரம். அவ்வலை பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வது. 100 மீட்டர் உயரக் கோபுரத்தினின்று புறப்பட்டால், 41 கிலோமீட்டர் அளவில் பூமியின் வளைவு அதனை மறைத்துவிடும். வாங்குமிடத்தில் 9 மீட்டர் உயரத்துக்குக் குழாய் நட்டால் இன்னும் 12 கிலோமீட்டர் கிட்டும். ஆன்டெனாக்கள் வீட்டுக்கு வீடு போட்டியிட்டு உயர்ந்தது வீண்பெருமைக்காக மட்டுமன்று. (சிறிது பெருமையும் இருந்தது.)

பிள்ளையார்பாளையத்தில் இவ்வுயரத்துக்கு ஒரு விலை உண்டு. அங்கே வீடே தறிக்கூடம். ஓட்டுக் கூரையின் கீழ்க் குழித்தறியும் பட்டுப் பாவும். குழாயைத் திருப்ப ஏறியவரின் காலடியில் ஓடு ஒன்று உடைந்தால், ஐப்பசி மழை நேரே பாவின்மீது சொட்டும். நனைந்த பாவு நெசவாளியின் கூலியைத் தின்றுவிடும். ஆயினும் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் ஆன்டெனா காற்றில் திரும்பிவிட்டால், யாரேனும் ஏறத்தான் செய்தனர். கூரைமேல் ஒருவர், வாசலில் ஒருவர், பெட்டியின் முன் ஒருவர்.

"தெரியுதா?"

"குரல் மட்டும் வருது!"

"இப்போ?"

"எறும்பா ஊருது, இன்னும் கொஞ்சம் திருப்பு!"

மேலே நின்றவர் படத்தைக் காணவில்லை. கீழிருந்து வந்த சொல்லை நம்பியே கையை நிறுத்தினார். பெட்டியுள்ள வீட்டின் கதவு அன்று தெருவுக்குத் திறந்திருந்தது. திண்ணையோடு நிறுத்தப்பட்டவர்களும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சியின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தேர்ந்தது அசிசி நகர்ப் புனித கிளாராவை. 1252-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில் நோயுற்றுக் கிடந்த அவர், தொலைவில் நடந்த வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. கலைஞர்களையோ அறிவியலாரையோ விடுத்து, எழுந்து வர இயலாத ஒரு நோயாளியைத் திருச்சபை தேர்ந்தது நமக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. 2006-க்குப் பின் அரசின் இலவச வண்ணப் பெட்டிகள் வந்தபோது, பல கூரைகளில் ஆன்டெனாவே இல்லை. 2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது.

அதற்கு ஈராண்டு முன், 2020-இல் கொரோனாவினால் கோவில்கள் அடைபட்டன. வெற்று இருக்கைகளின் முன் ஒரு கைப்பேசியை நிறுத்தி நாம் திருப்பலி நிறைவேற்றினோம். தொடங்குமுன், "தெரிகிறதா?" என்று கேட்டோம்.

சற்று நேரம் கழித்து ஒரு மூதாட்டியின் பதில் வந்தது: "குரல் மட்டும் வருது சாமி."