மாதம் 100 ரிங்கிட் முதலீடு: லாபத்துக்கு வரி இல்லை, சரி... கட்டணம் எவ்வளவு?

கரங்கானில் வீடு, கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை. மோட்டார் தவணை, வீட்டுச் செலவு, போன் பில் எல்லாம் போக மாதம் 100 ரிங்கிட் மிஞ்சுகிறது. அதை எங்கே போடுவது? இந்தக் கேள்வி உங்களுக்கும் இருந்தால், தொடர்ந்து படியுங்கள்.

போனைத் திறந்தால் ஆளுக்கொரு செயலியைச் சொல்கிறார்கள். "லாபத்துக்கு வரி இல்லை" என்பது பெரிய எழுத்தில் இருக்கும். கட்டணம் எவ்வளவு என்பது சின்ன எழுத்தில் இருக்கும். மாதம் 100 ரிங்கிட் போடுகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தை.

மலேசியாவில் 'வரியில்லாக் கணக்கு' இருக்கா?

பிரிட்டனில் 1999 முதல் 'ஐசா', கனடாவில் 2009 முதல் 'டிஎஃப்எஸ்ஏ' என்ற தனிக் கணக்குகள் உண்டு. அவற்றுக்குள் வளரும் பணத்துக்கு வரி கிடையாது. யூடியூப்பில் நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்கள் பலவும் இவற்றைப் பற்றித்தான் பேசுகின்றன.

நம் நாட்டில் அப்படி ஒரே கணக்கு என்று இல்லை. ஆனால் இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதி வாரியம் தரும் ஈவுத்தொகைக்கு வரி இல்லை. அமானா சஹாம் மலேசியா தரும் வருமானப் பங்கீட்டுக்கும் இல்லை. புர்சா மலேசியாவில் வாங்கிய பங்கை விற்று ஒரு தனிநபர் பெறும் லாபத்துக்கும் பொதுவாக வரி இல்லை. ஆகவே உங்கள் 100 ரிங்கிட்டைப் பொறுத்தவரை, எங்கே போட்டாலும் வரியில் பெரிய வித்தியாசம் வராது. கட்டணத்திலும், பணம் எத்தனை வருடம் முடங்கும் என்பதிலும்தான் வித்தியாசம்.

கட்டணம் எத்தனை வகை?

மூன்று வகை. முதலாவது, விற்பனைக் கட்டணம். பணம் போடும்போதே பிடிக்கப்படும். இரண்டாவது, ஆண்டு நிர்வாகக் கட்டணம். சேர்ந்திருக்கும் மொத்தத் தொகையில் இத்தனை விழுக்காடு என்று போகும். மூன்றாவது, பரிவர்த்தனைக் கட்டணம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்கும்போதும் வரும். இதில் பெரும்பாலும் 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று ஒரு வரி இருக்கும். சின்னத் தொகையை அடிப்பது அந்த வரிதான்.

சரி, மாதம் 100, வருடம் 1,200 ரிங்கிட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

1. இபிஎஃப் சுய சந்தா

தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா, பாட்டி காலத்திலிருந்தே நம் வீடுகளுக்குத் தெரிந்த பெயர் இது. 1951-இல் தொடங்கியது. முதலாளி பிடிக்கும் சந்தாவுக்கு மேல் நீங்களே விரும்பிய தொகையைப் போடலாம். விற்பனைக் கட்டணம் இல்லை. 100 போட்டால் 100-உம் கணக்கில் சேரும். 2024-ஆம் ஆண்டுக்கான ஈவுத்தொகை 6.30 விழுக்காடு. வழக்கமான கணக்குக்குச் சட்டப்படி குறைந்தது 2.5 விழுக்காடு உறுதி.

ஆனால் பணம் முடங்கும். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குட்பட்டவர் போடும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் 75 ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும். 15 வீடு, படிப்பு, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான கணக்குக்குப் போகும். மீதி 10 ரிங்கிட்டைத்தான் நினைத்த நேரத்தில் எடுக்க முடியும்.

உணவு டெலிவரி ஓட்டுகிறீர்களா, சொந்தமாகக் கடை வைத்திருக்கிறீர்களா? நிலையான சம்பளம் இல்லாத சுயதொழில் செய்வோருக்கு 'ஐ-சாரான்' இருக்கிறது. 2025 முதல் நீங்கள் போடும் தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் கூடுதலாகத் தருகிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட், வாழ்நாளில் 5,000 ரிங்கிட். 1,200 போட்டால் 240 ரிங்கிட் கிடைக்கும். பதிவு செய்தால்தான் வரும், தானாக வராது.

2. அமானா சஹாம் மலேசியா

ஒரு யூனிட் 1 ரிங்கிட், விலை மாறாது. விற்பனைக் கட்டணம் இல்லை. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். நல்லதுதானே என்றால், சிக்கல் ஒன்று உண்டு: பூமிபுத்ரா அல்லாதோருக்கான யூனிட்டுகள் அடிக்கடி தீர்ந்துபோகும். செயலியில் முயன்றுகொண்டே இருக்க வேண்டும்.

3. பிஆர்எஸ் எனும் தனியார் ஓய்வுக்காலத் திட்டம்

கணக்கு திறக்க 10 ரிங்கிட். பிறகு பணம் போடும் ஆண்டுகளில் 8 ரிங்கிட். விற்பனைக் கட்டணம் நிதிக்கு நிதி மாறும். சிலவற்றில் இல்லை, சிலவற்றில் 3 விழுக்காடு. 3 விழுக்காடு என்றால் 1,200-க்கு 36 ரிங்கிட். 8-ஐயும் சேர்த்தால் 44. ஆண்டு நிர்வாகக் கட்டணம் தனி.

இதை விற்பவர்கள் சொல்லும் பெரிய காரணம், ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரையிலான வரி விலக்கு. உங்கள் வருமானம் 6 விழுக்காடு வரிப் படியில் இருந்தால், 1,200 போட்டதற்கு 72 ரிங்கிட் வரி மிச்சம். ஆனால் நீங்கள் வரியே கட்டாத சம்பளத்தில் இருந்தால் மிச்சம் பூஜ்யம், கட்டணம் மட்டும் உண்மை. 55 வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக 8 விழுக்காடு வரி அபராதமும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் வரி கட்டுகிறேனா?

4. ரோபோ ஆலோசகர் செயலிகள்

இங்கே ஆண்டுக் கட்டணம் விழுக்காட்டில் போகும். 0.8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடத்தில் உங்கள் சராசரி இருப்பு சுமார் 650 ரிங்கிட். கட்டணம் ஏறக்குறைய 5 ரிங்கிட் 20 சென். பரவாயில்லை. ஆனால் இருப்பு 50,000 ஆகும்போது அதே 0.8 விழுக்காடு வருடத்துக்கு 400 ரிங்கிட். சின்னத் தொகைக்கு மலிவு, வளர்ந்த பிறகு திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் நிதிகளின் செலவும் தனியாகக் கழியும். சந்தை இறங்கினால் முதலும் குறையும்.

5. நேரடியாகப் பங்கு வாங்குவது

தரகுக் கட்டணம் குறைந்தபட்சம் 8 ரிங்கிட் என்று ஒரு நிறுவனம் வைத்திருந்தால் என்ன ஆகும்? 100 ரிங்கிட்டுக்கு வாங்கினால் 8, முத்திரை வரி 1, ஆக 9 ரிங்கிட். பங்கு 9 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். 12 மாதமும் இப்படி வாங்கினால் 108 ரிங்கிட் போச்சு; ஒரு மாத முதலீட்டைவிட அதிகம்!

இதற்கு வழி இருக்கு. 6 மாதம் சேர்த்து 600 ரிங்கிட்டாக வாங்குங்கள். வருடத்துக்கு இரண்டே முறை, மொத்தம் 18 ரிங்கிட். கட்டணம் 9 விழுக்காட்டிலிருந்து 1.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். புர்சாவில் பொதுவாக 100 பங்குகளாகத்தான் வாங்க முடியும் என்பதால், சேர்த்து வாங்கினால் தேர்வும் கூடும்.

அப்போ எது நல்லது?

அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணமா? முடங்கும் இடத்தில் போடாதீர்கள். சுயதொழிலா? முதலில் ஐ-சாரானைப் பாருங்கள். 20 விழுக்காடு ஊக்கத்தொகையை எந்தச் செயலியும் தராது. வரி கட்டுகிறீர்களா? விற்பனைக் கட்டணம் இல்லாத பிஆர்எஸ் நிதியைத் தேடலாம். பங்குதான் வேண்டுமா? சேர்த்து வாங்குங்கள்.

எந்தச் செயலியானாலும் பணம் போடும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் உரிமம் அதற்கு இருக்கிறதா, அல்லது ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, ஒரு வருடத்துக்கான மொத்தக் கட்டணத்தை நீங்கள் போடப்போகும் தொகையால் வகுத்துப் பாருங்கள். விடை 2 விழுக்காட்டைத் தாண்டினால், ஏன் என்று கேளுங்கள். சரியான பதில் வரவில்லையென்றால், அந்த 100 ரிங்கிட் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.