இருபடிச் சமன்பாடு

தெரியாக் கணியத்தின் மிகவுயர்ந்த அடுக்கு இரண்டாக அமையும் சமன்பாடு. இலங்கையில் க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் மாணவர் இதைக் கற்கின்றனர்.

வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளத்தில் செவ்வக வயல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நீளம் அகலத்தைவிட 10 மீற்றர் கூட. பரப்பு 1200 சதுர மீற்றர். அகலத்தை ‘அ’ என்றால், அ² + 10அ = 1200. இரு பக்கத்தையும் 4 ஆல் பெருக்கி 100 ஐக் கூட்டினால், இடப்பக்கம் (2அ + 10)² என்ற நிறைவர்க்கமாகிறது, வலப்பக்கம் 4900. வர்க்கமூலம் 70 எனக் கொண்டால் அ = 30; –70 எனக் கொண்டால் அ = –40. வயலுக்கு மறை அகலம் கிடையாது. ஆகவே வரம்பு 30 மீற்றருக்கும் 40 மீற்றருக்கும் போடவேண்டும்.

பின்னம் தலைகாட்டாத இந்த அழகான வழி இந்தியக் கணிதவியலாளர் சிறீதரருடையது. அவரது இயற்கணித நூல் கிடைக்கவில்லை. இரண்டாம் பாஸ்கரர் தம் ‘பீஜகணித’த்தில் எடுத்துக்காட்டியதால் விதி பிழைத்தது. அதற்கும் முன்பே, 628இல், பிரம்மகுப்தர் தீர்வு விதியைச் சொற்களில் தந்திருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் அல்-குவாரிஸ்மி சதுரங்களை வரைந்தே நிறுவினார். மறைத் தீர்வுகளை அவர் ஏற்கவில்லை.

காரணிப்படுத்தல் விரைவானது, ஆனால் எல்லாச் சமன்பாடும் எளிதில் காரணிப்படாது. நிறைவர்க்கமாக்கலோ எப்போதும் கைகொடுக்கும். பாடநூலின் பொதுச் சூத்திரம் அதிலிருந்தே பிறக்கிறது. வர்க்கமூலத்துள் வரும் எண் நேரானால் இரண்டு மெய்த் தீர்வுகள், பூச்சியமானால் ஒன்று, மறையானால் மெய்த் தீர்வே இல்லை.