பூட்டிய கதவு கடல் கடந்தது

1911ஆம் ஆண்டு மார்ச் 25. நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையின் எட்டாம் மாடியிலே தீ மூண்டது, மேலே பரவிற்று. ஒன்பதாம் மாடிப் பெண்கள் வாயிலை நோக்கி ஓடினர். கதவு பூட்டிக் கிடந்தது! தொழிலாளர்கள் துணியைத் திருடிச் செல்வார்களாம், அதற்காகப் பூட்டாம். மாண்டவர் 146 பேர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழை இளம்பெண்கள்.

அந்தச் சாம்பலிலே கிளர்ச்சி எழுந்தது, சட்டம் பிறந்தது, சங்கம் வலுத்தது. தைக்கும் வேலையைச் சிறு ஆலைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, கூலிக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றிருந்த பெருவணிகரைச் சங்கம் பின்னாளில் ஒப்பந்தத்திலே பிணைத்தது. ஆடையை விற்பவன் தைப்பவளுக்கும் பொறுப்பாளி என்றது அந்த ஒப்பந்தம்.

ஆனால், வேலை கப்பலேறிற்று! வடிவமும் விலையும் விளம்பரமும் மேலை நாட்டிலே. ஊசியும் உழைப்பும் ஆசியாவிலே. டாக்கா மஸ்லின் மோதிரத்துள் நுழையும் என்று பள்ளியிலே கற்பிக்கிறோம்; அத்துடன் பாடத்தை முடித்தும் விடுகிறோம். அதே டாக்காவைச் சுற்றி, 1970களின் இறுதியிலிருந்து, ஏற்றுமதி ஆடை தைக்கும் ஆலைகள் எழுந்தன. இலட்சக்கணக்கான பெண்கள் தம் கையிலே தாம் ஈட்டிய காசைக் கண்டனர். அதனை அற்பமென்று நாம் கூறமாட்டோம். அடுப்படியே பெண்ணுக்கு அழகு என்போர் வேண்டுமானால் கூறட்டும். எனினும் 2010இல் அவர்கட்கு வகுக்கப்பட்ட குறைந்த அளவு மாதக் கூலி 3,000 டாக்கா. வேலை ஏறிய கப்பலிலே பொறுப்பு ஏறவில்லை.

பூட்டு மட்டும் வந்து சேர்ந்தது. 2012 நவம்பர் 24 அன்று தஸ்ரீன் ஆலையிலே தீ. வெளியேறும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

ஐந்தே திங்கள் சென்றன. சவாரில் ரானா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரிலே வெடிப்புக் கண்டது. அங்கிருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிற்று. தையல் தொழிலாளரை மட்டும் மறுநாள் உள்ளே அழைத்தனர். வராவிடில் கூலி போகும் என்று மிரட்டினர். குறித்த நாளில் சரக்கு கப்பலேறவேண்டுமே! காலை ஒன்பது மணி அடிக்குமுன் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் மாண்டனர். விதி என்றனர் சிலர். முதல்நாளே வெடிப்பைக் கண்ணாரக் கண்டபின், விதிக்கு அங்கே என்ன வேலை?

அடுத்த மாதமே மேலை நாட்டு ஆடை நிறுவனங்கள் பல, தொழிற்சங்கங்களுடன் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்திலே கையொப்பமிட்டன. நியூயார்க்கின் பழைய பாடம், நூறாண்டு கழிந்து, ஆயிரம் பிணங்களுக்குப் பின்! ஆலைகள் சோதிக்கப்பட்டன, பூட்டுக் கதவுகள் பெரும்பாலும் அகற்றப்பட்டன.

கூலிக் கணக்கை மட்டும் அந்த ஒப்பந்தம் தொடவில்லை. 2023இல் 23,000 டாக்கா கேட்டுத் தொழிலாளர் தெருவிலே திரண்டனர், சிலர் உயிரிழந்தனர். அரசு அறிவித்தது 12,500.