பதனிட்ட வட்டுகள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையை ஒட்டி அமைந்த ஊர்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் அதைத் தோலின் சரித்திரமாகவே எழுதி முடிப்பது வழக்கம், அது நியாயமும்கூட. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, கடுக்காயும் புங்க எண்ணெயும் ஏறிய தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய காலம் ஒன்று. 1970களில் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து, தோலாக அனுப்பியதைச் செருப்பும் பூட்ஸுமாகத் தைத்து அனுப்பத் தலைப்பட்ட காலம் மற்றொன்று. ஆற்றையும் கிணற்றையும் கெடுத்த கழிவுக்காக 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்பு வழங்கியதற்குப் பிற்பட்ட காலம் பிறிதொன்று. இந்த மூன்றாவது காலத்தில், ஷூ கம்பெனிக்குப் போய்வந்த தாய்தந்தையரின் பிள்ளைகள் மாலைப் பொழுதை எங்கே கழித்தார்கள் என்று ஒருவரும் எழுதி நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டுச் சிறு நகரங்கள் பலவற்றிலும் போலவே இங்கும், பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே ஏதோ ஒரு சந்தில், இரண்டு மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகளையும் அவற்றின் கீழே அதே எண்ணிக்கையில் பிளேஸ்டேஷன்களையும் வைத்து, மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கி ஆடவிட்ட கேம் கடைகள் இருந்தன. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனும், 2000 மார்ச்சில் வந்து 15 கோடிக்கு மேல் விற்று 2013இன் தொடக்கத்தில் உற்பத்தி நின்ற இரண்டாவது பிளேஸ்டேஷனும், வீட்டுக்கு ஒன்று வாங்கும் பொருளாக இங்கே வந்தவை அல்ல. ஊருக்கு ஒன்றிரண்டாக வந்து பொதுச் சொத்தைப் போல் அநுபவிக்கப்பட்டவை. தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும் என்ற எழுதப்படாத சட்டத்தின்கீழ், டெக்கன் 3 என்ன, மல்யுத்தம் என்ன, கிரிக்கெட் என்ன, எத்தனையோ பிள்ளைகள் ஒரே ரிமோட்டைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடித் தேய்த்தார்கள்.

அந்தக் கடைகளில் சுழன்றவற்றில் பெரும்பகுதி நகல் வட்டுகள் என்பதை மறைப்பதற்கில்லை. முதல் பிளேஸ்டேஷனின் அசல் வட்டில், உள்விளிம்பை ஒட்டிய தடத்தில், சாதாரண சீடி எழுதும் கருவியால் எழுத முடியாத ஒரு மெல்லிய நெளிவு பதிக்கப்பட்டிருந்தது. அதைக் காணாவிடில் யந்திரம் ஆட மறுக்கும். அந்த நெளிவைக் கண்டதாகவே யந்திரத்துக்குப் பொய்ச் சாட்சி சொல்லும் சிறு சில்லு ஒன்றைப் பற்றவைத்துத் தருகிறவர்கள் சென்னையில் இருந்தார்கள்; "சிப் போட்டதா?" என்பதே பழைய பெட்டியை விலை பேசுகிறவரின் முதல் கேள்வி.

வட்டு அழியாத பொருள் என்று அக்காலத்தில் நம்பினோம். உண்மையில் அது தோலைப் போன்றதே. பதனிடாமல் விட்டால் தன் இயல்பினாலேயே கெடுவது. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் தகட்டின்மேல் அலுமினியத்தை மிக மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் ஒரு வார்னிஷை மட்டும் தடவிப் படம் அச்சிட்டதுதான் சீடி. ஆகவே மினுங்கும் அடிப்புறத்தில் விழுந்த கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாமேயன்றி, நாம் அலட்சியமாக மேசைமேல் தேய்த்த படப்புறத்தில் விழுந்த கீறல் விஷயத்தையே கொண்டுபோய்விடும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் சற்றுக் காவல் அதிகம். எனினும் ஒட்டு விட்டால் அதுவும் க்ஷீணிக்கும். நகல் வட்டுகளோ சாயத்தில் எழுதப்பட்டவை. வெயிலும் வெக்கையும் மிகுந்த வேலூர்ப் பக்கத்தில் அவற்றின் ஆயுள் இன்னும் குறைவு.

ஒரு யந்திரத்தின் இயல்பை இன்னொரு யந்திரத்துக்குள் நிரலாக எழுதி நிறுத்தும் எமுலேட்டர் என்னும் வித்தை, இந்தக் கேட்டுக்கு மருந்தாக வந்தது. 1999இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் மாக்கின்டாஷ் கணினியிலும் பிளீம் நிறுவனம் விண்டோஸ் கணினியிலும் பிளேஸ்டேஷன் வட்டுகளை ஓடவைத்தபோது சோனி இரண்டின்மீதும் வழக்குத் தொடுத்தது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், யந்திரத்தின் உள்நிரலை ஆராய்வதற்காகப் படியெடுத்தது நியாயமான உபயோகமே என்று கனெக்டிக்ஸின் பக்கம் தீர்ப்பளித்தது. வென்றவர்களின் சரக்கைச் சோனியே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. பிளீம் வழக்குச் செலவிலேயே நலிந்து மூடியது. ஆயினும் தீர்ப்பு நின்றது. 2002இல் தன்னார்வலர்கள் வெளியிடத் தொடங்கிய பிசிஎஸ்எக்ஸ்2, பிளேஸ்டேஷன் 2இன் பிரதானச் செயலியும், துணை நின்ற இரண்டு வெக்டர் அலகுகளும், வரைகலைச் சில்லும் ஒருமித்து இயங்கும் கதியைக் கணினியில் பிசகின்றி நடிக்கவைக்கப் பல ஆண்டுகள் பிரயாசைப்பட்டு, இன்று அநேகமாக எல்லா விளையாட்டுகளையும் ஓட்டுகிறது.

அமைக்கும் முறை அவ்வளவு கடினமன்று. கணினியின் டிவிடி டிரைவில் வட்டை இட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்க வேண்டும். சங்கீதத்தைத் தனித் தடங்களில் வைத்த முதல் பிளேஸ்டேஷன் சீடிகளானால் பின் என்றும் க்யூ என்றும் இரு கோப்புகளாக எடுப்பதே முறை, இல்லையேல் விளையாட்டு ஊமையாகிவிடும். பிறகு யந்திரத்தின் பயாஸ். பிளேஸ்டேஷன் 2இல் 4 மெகாபைட் அளவுள்ள இந்த உள்நிரலை எமுலேட்டர் தருவதில்லை. தன் சொந்த யந்திரத்திலிருந்து ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ஒரு சங்கடமாக எண்ணாமல் மரியாதையாகவே எண்ணுகிறேன். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 52ஆம் பிரிவில், நிரலை முறைப்படி உடையவன் இழப்புக்கும் சேதத்துக்கும் காவலாகப் படி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது.

உலகமெல்லாம் விற்ற விளையாட்டுகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவற்றைக் காக்க உலகமெல்லாம் ஆளுண்டு. என் கவலை வேறு. 2009இல் ஐதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய "ஹனுமான்: பாய் வாரியர்" என்னும் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு, முழுவதும் இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் விளையாட்டு என்று பெயர்பெற்றது. கும்பிடும் தெய்வத்தை ரிமோட்டால் ஆட்டுவிப்பதா என்று எதிர்ப்பும் கிளம்பியது. விமர்சகர்களும் அதை மெச்சவில்லை. அதே காலத்தில் அதே நகரத்துக் கேம்சாஸ்திரா நிறுவனம் கில்லியையும் கபடியையும் பட்டத்தையும் "தேசி அட்டா" என்று வட்டிலேற்றியது. 2010இல் மும்பையின் ட்ரைன் தெருக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தது. இவை மகத்தான சிருஷ்டிகள் அல்ல. ஆனால் கில்லி ஆடிய கை முதன்முதலாகத் திரையில் கில்லி ஆடியது இவற்றில்தான். இந்தச் சந்தைக்கென்றே அச்சான வட்டுகள் என்பதால், இங்குள்ளவர்கள் படியெடுத்தால்தான் உண்டு.

எடுத்த படியை ஆட வட்டு மட்டும் போதாது, உயிருள்ள பெட்டியும் வேண்டும். பயாஸை எடுக்க, ஃப்ரீ மெக்பூட் என்னும் நிரல் பதிந்த மெமரி கார்டைப் பெட்டியில் செருகி, சிறு நிரல் ஒன்றை ஓட்டிப் பென் டிரைவுக்கு மாற்ற வேண்டும். கடைசியாக வந்த சில மாடல்களில் அந்தக் கார்டு செல்லாது. எனவே லென்ஸ் தேய்ந்து வட்டைப் படிக்காமற்போன பழைய கறுப்புப் பெட்டி பரணில் கிடக்குமானால், விளக்கு எரிகிறதா, திரையில் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டே காயலான் கடைக்காரரைக் கூப்பிட வேண்டும். லென்ஸ் செத்த பெட்டியிலும் பயாஸ் பழுதின்றி இருக்கும். அதை எடுக்க வட்டு சுழல வேண்டியதே இல்லை.